புதுப்பித்தபின் இருண்ட திரை: லினக்ஸ் மடிக்கணினியில் வரைகலை இயக்கியைச் சீர்செய்தல்

லினக்ஸ் இயங்கும் மடிக்கணினியில் புதுப்பிப்புகளை நிறுவி மறுதொடக்கம் செய்தபின், நுழைவுத் திரை தோன்ற வேண்டிய இடத்தில் வெறும் இருளோ, மூலையில் சிமிட்டும் சிறு கோடோ மட்டும் தென்படுமானால், பழுதுபட்டிருப்பது பெரும்பாலும் இயக்கமுறைமை அன்று. கெர்னலுக்கும் வரைகலை இயக்கிக்கும் இடையே இருக்க வேண்டிய பொருத்தம் மட்டுமே குலைந்திருக்கும். பயனரின் கோப்புகள் வட்டில் அப்படியே இருக்கின்றன. பிணையமும் பின்னணிச் சேவைகளும் பெரும்பாலும் வழக்கம்போல் இயங்கிக்கொண்டிருக்கின்றன. இந்நிலையில் வட்டை அழித்து இயக்கமுறைமையைப் புதிதாக நிறுவும் பரவலான பழக்கம் வீண்வேலை என்பதோடு தீங்கும் பயப்பதாகும். கோளாற்றின் தடயங்கள் அழிந்துவிடுவதால் அதன் காரணம் தெரியாமலே போகிறது. காரணம் தெரியாத கோளாறு அடுத்த கெர்னல் புதுப்பிப்பில் மீண்டும் தலைகாட்டுகிறது. இவ்வியலில் என்விடியா வரைகலைச் சில்லு பொருந்திய, உபுண்டு அல்லது அதன் வழிவந்த வழங்கல் இயங்கும் மடிக்கணினி எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது. கட்டளைகள் ஒலிப்பின்படி தமிழில் தரப்பட்டுள்ளன. தட்டச்சிடும்போது அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் இடுதல் வேண்டும்.

கெர்னல் என்பது வன்பொருளுக்கும் பிற மென்பொருள்கள் அனைத்துக்கும் நடுவில் நின்று நினைவகம், வட்டு, திரை முதலியவற்றைப் பங்கிட்டுத் தரும் மையநிரல். வரைகலை இயக்கி இரு பாதிகளால் ஆனது: ஒன்று, கெர்னலுக்குள் ஏற்றப்பட்டு சில்லுடன் நேரடியாகப் பேசும் ‘மாட்யூல்’ எனப்படும் நிரல்கூறு; மற்றொன்று, செயலிகள் படம் வரையப் பயன்படுத்தும் நூலகங்களின் தொகுதி. இன்டெல், ஏஎம்டி ஆகிய நிறுவனங்களின் சில்லுகளுக்குரிய மாட்யூல்கள் கெர்னலின் மூலநிரலோடு சேர்ந்தே வளர்க்கப்படுவதால், கெர்னல் மாறும்போது அவையும் உடன் மாறுகின்றன. அவற்றின் நூலகப் பாதியை மெசா என்னும் திறந்த மூலத் திட்டம் அளிக்கிறது. என்விடியாவின் இயக்கியோ கெர்னலுக்கு வெளியே தனியாக வெளியிடப்படுவது. அந்நிறுவனம் 2022 மே மாதத்தில் தன் மாட்யூல்களின் மூலநிரலைத் திறந்துவிட்டபோதும், அவை கெர்னலின் மூலநிரல் தொகுப்புக்குள் சேர்க்கப்படவில்லை. ஆகவே ஒவ்வொரு கெர்னல் பதிப்புக்கும் ஏற்ப அவற்றைத் தனியே கட்டியமைக்க வேண்டிய தேவை நீங்கவில்லை. நூவோ என்ற பெயரில் தன்னார்வலர்கள் சில்லின் நடத்தையை ஆராய்ந்து எழுதிய மற்றோர் இயக்கி 2010இல் வெளிவந்த 2.6.33 கெர்னல் முதல் உள்ளேயே இருந்துவருகிறது.

வெளியிலுள்ள மாட்யூலைக் கெர்னலுக்குப் பொருத்தும் பணியைச் செய்வது டிகேஎம்எஸ் என்னும் கருவி. டெல் நிறுவனத்தில் உருவான இக்கருவி, புதிய கெர்னல் நிறுவப்படும் ஒவ்வொரு முறையும் மாட்யூலின் மூலநிரலை எடுத்து, அந்தக் கெர்னலுக்குரிய ‘ஹெடர்’ கோப்புகளைத் துணைகொண்டு, பயனர் அறியாமலேயே புதிய மாட்யூலைத் தொகுத்து உரிய அடைவில் வைக்கிறது. ஹெடர் கோப்புகள் என்பவை கெர்னலின் உள்ளமைப்பை வெளிநிரல்களுக்கு அறிவிக்கும் குறிப்பேடுகள். அவை இல்லாமல் மாட்யூலைத் தொகுக்க இயலாது. இச்சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் கெர்னல் புதியதாகவும் மாட்யூல் இல்லாததாகவும் கணினி விழித்தெழும்.

மடிக்கணினிகளில் இச்சிக்கல் கூடுதலாகப் பின்னிக்கொள்வதற்குத் தனிக் காரணம் உண்டு. மின்கலத்தைச் சேமிக்கும் பொருட்டு, மையச்செயலியோடு ஒட்டிய சிறிய வரைகலைப் பகுதி ஒன்றும் ஆற்றல் மிக்க தனிச்சில்லு ஒன்றும் சேர்ந்து இயங்கும் ஆப்டிமஸ் என்னும் ஏற்பாட்டை என்விடியா 2010இல் அறிமுகப்படுத்தியது. இத்தகைய கணினிகள் பலவற்றில் உள்ளமைந்த திரை இன்டெல் அல்லது ஏஎம்டி பகுதியோடும், எச்டிஎம்ஐ துளை என்விடியா சில்லோடும் கம்பியிடப்பட்டிருக்கும். எனவே இயக்கி குலைந்தபின்னும் மடிக்கணினியின் திரை நன்றாகவே ஒளிர, வெளித்திரை மட்டும் உயிரற்றுக் கிடக்கக்கூடும். இது கம்பியின் கோளாறு என்று கருதிப் புதுக் கம்பி வாங்குவோர் உண்டு. வேறு சில கணினிகளில் திரை வந்துவிடும். ஆனால் சாளரங்கள் தயங்கித் தயங்கி நகரும், விசிறி ஓயாமல் சுழலும். வரைகலைச் சில்லின் பணியை மையச்செயலியே மென்பொருளாகச் செய்துகொண்டிருப்பதன் அடையாளம் அது; அமைப்புகளில் வரைகலைச் சில்லின் பெயருக்குப் பதிலாக ‘எல்எல்விஎம்பைப்’ என்று காணப்பட்டால் ஐயமே வேண்டியதில்லை.

முதலில் ஓர் எழுத்துத்திரை

திரை முழுதும் இருண்டிருக்கையில் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 ஆகிய மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்தினால், வரைகலையின் துணையின்றி எழுத்துகளை மட்டும் காட்டும் முனையம் பெரும்பாலும் திறக்கும். அங்கே பயனர்பெயரும் கடவுச்சொல்லும் தந்து உள்நுழைந்தால் பழுதுபார்ப்புக்கு வேண்டிய அனைத்தும் கைக்கு வந்துவிடும். அதுவும் திறக்காதபோது, கணினியை அணைத்து மீண்டும் இயக்கி, தயாரிப்பாளரின் சின்னம் மறையும் தறுவாயில் எஸ்கேப் விசையை (பழைய பயாஸ் வகைக் கணினிகளில் ஷிப்ட் விசையை) அழுத்த, கிரப் எனப்படும் தொடக்கப் பட்டியல் தோன்றும். எஸ்கேப்பைப் படபடவென்று பலமுறை தட்டினால் பட்டியலைத் தாண்டி கிரப்பின் கட்டளை வரிக்குள் போய்விட நேரும் என்பதால், ஒருமுறை அழுத்தி நிறுத்துவதே நல்லது.

அப்பட்டியலின் மேம்பட்ட தேர்வுகளில் முந்தைய கெர்னல் காத்திருக்கும். உபுண்டு புதிய கெர்னலை நிறுவும்போது பழையதை உடனே நீக்காமல் வைத்திருப்பது இத்தகைய நாளுக்காகவே. பழைய கெர்னலில் திரை ஒழுங்காக வந்தால், வன்பொருள் நலமாக இருக்கிறது, புதிய கெர்னலுக்குரிய மாட்யூல் மட்டுமே அமையவில்லை என்ற முடிவுக்கு ஏறக்குறைய வந்துவிடலாம். ஒரே மறுதொடக்கத்தில் இவ்வளவு செய்தி தரும் சோதனை வேறில்லை. இரண்டு கெர்னல்களிலும் திரை வராவிட்டால், புதுப்பிக்கப்பட்டது கெர்னல் அன்று, இயக்கியே என்பதாகக் கொண்டு மேலே செல்லலாம்.

பழைய கெர்னலும் உதவாதபோது, கிரப் பட்டியலில் உரிய வரியின் மேல் நின்று ‘இ’ விசையை அழுத்தி, ‘லினக்ஸ்’ என்று தொடங்கும் வரியின் இறுதியில் ஓர் இடைவெளி விட்டு ‘நோமோட்செட்’ என்னும் சொல்லைச் சேர்த்து, எஃப்10 விசையால் தொடங்குதல் வேண்டும். திரையின் நுணுக்கத்தையும் புதுப்பிப்பு வேகத்தையும் கெர்னலே அமைப்பதை இச்சொல் தடுத்துவிடுவதால், படம் பெரிதாகவும் மங்கலாகவும் இருந்தாலும் திரை உயிர்பெறும். இம்மாற்றம் அந்த ஒரு தொடக்கத்துக்கு மட்டுமே உரியது. இதையே நிலையான தீர்வாகக் கருதி அமைப்புக் கோப்பில் எழுதிவைக்கும்படி சொல்லும் அறிவுரைகளை ஏற்கலாகாது. அவ்வாறு செய்தால் இன்டெல் பகுதியின் இயக்கமும் சேர்ந்து முடங்கிப்போகும்.

பழுதுபார்ப்புக்கு இணையம் தேவைப்படும். எழுத்துமுனையத்தில் வைஃபையை இணைக்க ‘என்எம்டியுஐ’ என்னும் பட்டியல்வழிக் கருவி உதவும். கைபேசியை யூஎஸ்பி கம்பியால் இணைத்து அதன் இணையத்தைப் பகிர்வது அதைவிட எளிது.

மாட்யூல் சொல்லும் மறுமொழி

எதையும் நீக்குவதற்கு முன் அறிய வேண்டியவை இரண்டு: எது மாறியது, எது ஏறவில்லை. முதற்கேள்விக்கு விடை, ‘/வார்/லாக்/ஆப்ட்’ அடைவிலுள்ள ‘ஹிஸ்டரி’ பதிவேட்டில் இருக்கிறது. எந்த நாளில் எந்தத் தொகுப்பு எந்தப் பதிப்பிலிருந்து எதற்கு மாறியது என்பது அங்கே வரிவரியாகப் பதிவாகியிருப்பதால், நினைவை நம்பி ஊகிக்க வேண்டியதில்லை. இரண்டாம் கேள்விக்கு ‘என்விடியா-எஸ்எம்ஐ’ என்னும் கட்டளை விடை தரத் தொடங்கும். நூலகப் பதிப்பும் மாட்யூல் பதிப்பும் பொருந்தவில்லை என்று அது சொன்னால் கவலைக்கு இடமில்லை. நூலகங்கள் வட்டில் மாறிவிட்டன, பழைய மாட்யூல் இன்னும் நினைவகத்தில் இருக்கிறது, ஒரு மறுதொடக்கம் போதும். இயக்கியோடு தொடர்புகொள்ள இயலவில்லை என்று சொன்னால் மாட்யூல் ஏறவே இல்லை. சாதனம் எதுவும் காணப்படவில்லை என்று சொன்னால் மாட்யூல் ஏறியிருக்கிறது, ஆனால் சில்லை அது ஏற்கவில்லை.

மாட்யூல் ஏறாத நிலையில், ‘சூடோ மாட்ப்ரோப் என்விடியா’ என்னும் கட்டளையால் அதைக் கையால் ஏற்ற முயல்வதே சாலச் சிறந்த வழி. இம்முயற்சி தோற்கத்தான் போகிறது. தோற்கும்போது அது சொல்லும் சொற்களே நோயின் பெயர். கெர்னலின் அடைவில் மாட்யூல் காணப்படவில்லை என்பது மறுமொழியானால், தொகுப்பு வேலை நடக்கவில்லை அல்லது பாதியில் நின்றது. சாவி நிராகரிக்கப்பட்டது என்றால், மாட்யூல் இருக்கிறது, ஏற்கத்தக்க கையொப்பம் இல்லை. அத்தகைய சாதனம் இல்லை என்றால், சில்லை நூவோ பிடித்துக்கொண்டிருக்கிறது அல்லது சில்லுக்குப் பொருந்தாத இயக்கி நிறுவப்பட்டிருக்கிறது. இம்மூன்றையும் வேறுபடுத்தாமல் இணையத்தில் கண்ட கட்டளைகளை வரிசையாக இட்டுப் பார்ப்பதால்தான் ஒரு மணி நேர வேலை ஒரு வாரமாகிறது.

மாட்யூல் கட்டப்படாதபோது

‘டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்’ என்னும் கட்டளை, ஒவ்வொரு கெர்னல் பதிப்புக்கும் நேராக இயக்கியின் நிலையைக் காட்டும். ‘இன்ஸ்டால்டு’ என்று இருந்தால் மாட்யூல் அமைந்துவிட்டது. ‘ஆடட்’ என்று மட்டும் இருந்தால் மூலநிரல் வந்திருக்கிறது, தொகுப்பு நடக்கவில்லை. அது ஏன் நடக்கவில்லை என்பது ‘/வார்/லிப்/டிகேஎம்எஸ்/என்விடியா’ அடைவுக்குள், பதிப்பு எண்ணின் கீழ், ‘பில்டு’ என்னும் அடைவிலுள்ள ‘மேக்.லாக்’ கோப்பில் எழுதப்பட்டிருக்கும். நீளமான அக்கோப்பின் கடைசி வரி பெரும்பாலும் பயனற்றது. ‘எர்ரர்’ என்னும் சொல் முதன்முதலாக வரும் இடத்தையே தேடிப் படிக்க வேண்டும், ஏனெனில் அதற்குப் பின்வருவன அனைத்தும் அந்த முதற்பிழையின் விளைவுகளே.

பெரும்பாலான வேளைகளில் அம்முதற்பிழை ஹெடர் கோப்புகள் இல்லை என்பதாகவே இருக்கும். இயங்கும் கெர்னலின் பெயரை ‘யூநேம்’ கட்டளையால் அறிந்து, அதே பதிப்பெண் கொண்ட ‘லினக்ஸ்-ஹெடர்ஸ்’ தொகுப்பை நிறுவினால் டிகேஎம்எஸ் தானே வேலையைத் தொடரும். ஒரு பதிப்புக்கு மட்டும் நிறுவிவிட்டு நின்றுவிடாமல், கெர்னலோடு சேர்ந்தே புதுப்பிக்கப்படும் ‘லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஜெனரிக்’ என்னும் பொதுத் தொகுப்பையும் நிறுவிக்கொள்வது இன்றியமையாதது.

அரிதாக வந்தாலும் விளங்கிக்கொள்ள வேண்டிய மற்றொரு காரணம் தொகுப்பியின் பதிப்பு. உபுண்டு 22.04 முதலில் 5.15 கெர்னலோடும், ஜிசிசி 11 என்னும் தொகுப்பியோடும் வெளிவந்தது. நீண்டகால ஆதரவுப் பதிப்புகளுக்குப் புதிய வன்பொருள் ஆதரவைச் சேர்க்கும் எச்டபிள்யூஇ என்னும் ஏற்பாட்டின் வழியே பின்னர் அதே 22.04க்கு வந்த 6.5 கெர்னல், ஜிசிசி 12 கொண்டு தொகுக்கப்பட்டிருந்தது. ஜிசிசி 12 இல்லாத கணினிகளில் டிகேஎம்எஸ் பழைய தொகுப்பியையே அழைக்க, புதிய கெர்னல் கோரிய ஒரு தேர்வுக்குறியை அது அறியாததால் வேலை முறிந்தது. பயனர்களின் பார்வையிலோ, வழக்கமான ஒரு புதுப்பிப்புக்குப் பின் திரை இருண்டது. ஜிசிசி 12 தொகுப்பை நிறுவி இயக்கியை மீண்டும் கட்டியதும் சிக்கல் தீர்ந்தது. இயக்கியிலும் குறையில்லை, கெர்னலிலும் குறையில்லை, இரண்டுக்கும் நடுவிலிருந்த கருவி மட்டுமே பின்தங்கியிருந்தது என்பதை மேக்.லாக் தவிர வேறெதுவும் காட்டியிருக்காது.

வட்டைக் குறியாக்கம் செய்து நிறுவிய கணினிகளில் ‘/பூட்’ பகிர்வு தனியாகவும் சிறிதாகவும் இருக்கும். பழைய கெர்னல்கள் சேர்ந்து அது நிறைந்துவிட்டால், தொடக்கத்தின்போது முதலில் ஏற்றப்படும் ‘இனிட்ராம்எஃப்எஸ்’ என்னும் சிறு கோப்புத்தொகுதியை எழுத இடமின்றிப் புதுப்பிப்பு நடுவில் நின்றுவிடும். ‘டிஎஃப்’ கட்டளையால் இடத்தைப் பார்த்து, மிகப் பழைய கெர்னல் ஒன்றை ஆப்ட் என்னும் தொகுப்பு மேலாண்மைக் கருவி வழியாக நீக்கி, ‘டிபிகேஜி’ கருவியின் ‘கான்ஃபிகர்’ தேர்வால் நின்றுபோன வேலைகளை முடிக்கச் செய்யலாம். அடைவுக்குள் புகுந்து கோப்புகளைக் கையால் அழிப்பது கூடாது.

கையொப்பம் மறுக்கப்படும்போது

செக்யூர் பூட் என்பது, நம்பிக்கைக்குரிய சாவியால் கையொப்பமிடப்பட்ட நிரல்களை மட்டுமே தொடக்கத்தில் அனுமதிக்கும், கணினியின் தொடக்க நிலைபொருளான யூஇஎஃப்ஐயின் பாதுகாப்பு ஏற்பாடு. அது இயங்கும் கணினியில், உபுண்டுவின் கெர்னல் கையொப்பமற்ற மாட்யூலை ஏற்க மறுக்கும். டிகேஎம்எஸ் பயனரின் கணினியிலேயே தொகுத்த மாட்யூலுக்கு வெளியார் எவரும் கையொப்பமிட்டிருக்க முடியாது; ஆகவே கணினி தனக்கென ஒரு சாவியை உருவாக்கி அதனால் கையொப்பமிடுகிறது. ‘மோக்’ எனப்படும் அச்சாவி, அதாவது கணினி உரிமையாளரின் சாவி, யூஇஎஃப்ஐ நினைவகத்தில் பதிவானால்தான் செல்லும்.

இப்பதிவு நடைபெறும் முறையே பலரையும் தடுக்கி விழச்செய்கிறது. இயக்கியை நிறுவும்போது ஒரு தற்காலிகக் கடவுச்சொல் கேட்கப்படும். மறுதொடக்கத்தில் நீலநிறத் திரை ஒன்று தோன்றி, ஏதேனும் ஒரு விசையை அழுத்தும்படி சொல்லிச் சில நொடிகளே காத்திருக்கும். அது என்னவென்று அறியாத பயனர் அதைக் கடந்துபோக விட்டுவிட்டால் சாவி பதிவாகாது. இயக்கி சரியாக நிறுவப்பட்டும் ஏறாது. இதற்கு மாற்று, ‘மோக்யூட்டில்’ கருவியின் ‘இம்போர்ட்’ தேர்வால் ‘/வார்/லிப்/ஷிம்-சைன்டு/மோக்’ அடைவிலுள்ள சாவியை மீண்டும் பதிவுக்கு அனுப்பி, மறுதொடக்கத்தின்போது நீலத்திரையில் ‘என்ரோல் மோக்’ என்பதைத் தேர்ந்து, அனுப்பும்போது அமைத்த தற்காலிகக் கடவுச்சொல்லை இடுவது. அத்திரை அமெரிக்க விசைப்பலகை அமைப்பையே அறியும் என்பதால் குறியீடுகள் இல்லாத எளிய கடவுச்சொல்லே தக்கது.

செக்யூர் பூட்டையே அணைத்துவிட்டாலும் இயக்கி ஏறும். ஆனால் ஒரு மாட்யூலுக்காகக் கணினியின் காவலைக் கைவிடுவது சரியான பண்டமாற்று அன்று. உபுண்டுவை வெளியிடும் கெனானிக்கல் நிறுவனம் தன் கெர்னல்களுக்கென முன்கூட்டியே தொகுத்துக் கையொப்பமிட்டு வழங்கும் ‘லினக்ஸ்-மாட்யூல்ஸ்-என்விடியா’ தொகுப்புகளைப் பயன்படுத்தினால் தொகுப்பு வேலையும் வேண்டியதில்லை, சாவிப் பதிவும் வேண்டியதில்லை. இவ்வளவு வசதி இருந்தும் பலர் இதை அறியாதிருப்பது வருந்தத்தக்கது.

நீக்கி நிறுவுதல்

மேற்கண்ட எதுவும் பொருந்தாமல், பல பதிப்புகளின் எச்சங்கள் கலந்துகிடக்கும் நிலையில் மட்டுமே முழுமையான நீக்கத்துக்குச் செல்ல வேண்டும். என்விடியாவின் வலைத்தளத்திலிருந்து இறக்கிய ‘.ரன்’ வகை நிறுவி முன்பு எப்போதேனும் பயன்படுத்தப்பட்டிருந்தால் குழப்பம் அங்கிருந்தே தொடங்கியிருக்கும். ஆப்ட் அறியாத கோப்புகளை அது கணினியெங்கும் வைத்துவிடுகிறது. அதனை முதலில் ‘என்விடியா-அன்இன்ஸ்டால்’ கட்டளையால் அகற்றி, பிறகு ஆப்டின் ‘பர்ஜ்’ தேர்வால் என்விடியா பெயர் தாங்கிய தொகுப்புகளை அமைப்புக் கோப்புகளோடு சேர்த்து நீக்கி, மறுதொடக்கம் செய்தால் கணினி நூவோவின் துணையோடு திரையைக் காட்டும். அதன்பின் ‘உபுண்டு-டிரைவர்ஸ்’ கருவி அச்சில்லுக்குப் பரிந்துரைக்கும் பதிப்பை நிறுவ வேண்டும். பரிந்துரைக்கப்பட்டதைவிடப் பெரிய எண் கொண்ட பதிப்பு மேலானது என்று கருதுவதற்கு எந்த அடிப்படையும் இல்லை.

ஃபெடோரா என்னும் வழங்கலில் டிகேஎம்எஸ் செய்யும் பணியை ‘ஏகேமாட்ஸ்’ என்னும் கருவி செய்கிறது. புதுப்பிப்பு முடிந்ததாக அறிவித்தபின்னும் அது பின்னணியில் சில நிமிடங்கள் தொகுத்துக்கொண்டிருக்கும். உடனே மறுதொடக்கம் செய்வோருக்கு நேரும் இருள் திரைக்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

நிறுவியபின் ‘எல்எஸ்பிசிஐ’ கட்டளையை ‘கே’ தேர்வோடு இட்டு, என்விடியா சில்லுக்கு நேராகப் பயனிலுள்ள இயக்கி எது என்பதைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். அங்கே ‘நூவோ’ என்றே இருந்தால், ‘/எட்சி/மாட்ப்ரோப்.டி’ அடைவில் அதைத் தடைசெய்யும் கோப்பு உள்ளதா என்று பார்த்து, ‘அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ்’ கட்டளையால் தொடக்கத் தொகுதியைப் புதுப்பித்தல் வேண்டும். இதைச் செய்யாவிட்டால் தடை எழுதப்பட்டிருந்தும் பழைய தொகுதியிலிருந்து நூவோவே முந்திக்கொள்ளும்.

சில்லின் தலைமுறையைக் கவனியாமல் விடலாகாது. என்விடியாவின் திறந்த மாட்யூல்கள், சில்லுக்குள்ளேயே இருக்கும் ஜிஎஸ்பி என்னும் துணைச்செயலியை நம்பி இயங்குகின்றன. 2018இல் வந்த டூரிங் தலைமுறைக்கு முற்பட்ட சில்லுகளில் அது இல்லை. ஜிடிஎக்ஸ் 1050, எம்எக்ஸ்150 போன்ற பாஸ்கல் தலைமுறைச் சில்லுகள் கொண்ட மடிக்கணினியில் ‘ஓப்பன்’ என முடியும் தொகுப்பை நிறுவினால், மாட்யூல் முறையாகத் தொகுக்கப்பட்டும், கையொப்பம் ஏற்கப்பட்டும், சாதனம் இல்லை என்ற மறுமொழியே கிடைக்கும். ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில் நிலைமை தலைகீழ்: அங்கே திறந்த மாட்யூல் மட்டுமே இயங்கும்.

கோளாறு தீர்ந்த நாளிலேயே டைம்ஷிஃப்ட் போன்ற கருவியால் இயக்கமுறைமையின் அப்போதைய நிலையின் நகல் ஒன்றை எடுத்துவைப்பதும், பழைய கெர்னலை நீக்குவதற்கு முன் புதியதில் சில நாள் வேலை செய்து பார்ப்பதும் நலம். மேக்ஸ்வெல், பாஸ்கல் தலைமுறைச் சில்லுகளை ஆதரிக்கும் கடைசி இயக்கி வரிசை 580 என்று என்விடியா அறிவித்துவிட்டது. அச்சில்லுகளை உடையோர் ‘ஆப்ட்-மார்க் ஹோல்டு’ கட்டளையால் அவ்வரிசையிலேயே நின்றுகொள்ளலாம். அதுவும் ஒருநாள் புதிய கெர்னலோடு பொருந்தாமல் போனால், ‘பிரைம்-செலக்ட்’ கருவியில் ‘இன்டெல்’ என்பதைத் தேர்ந்துவிட்டால் போதும். எழுதவும் படிக்கவும் படம் பார்க்கவும் அந்த மடிக்கணினியில் உள்ளமைந்த வரைகலைப் பகுதியே போதுமானது.